வெயில் வீட்டுத் தொட்டிகள்

— சத்தியமா கேக்கேன் முத்துராணிக்கா, இதுல எந்தக் கதிர வேணும்னாலும் உருவிப் பாருங்க. ஒரு பதரு தட்டுப்படுதா?

— இல்லையே ரைஹானத் மேடம். எல்லாம் கிண்ணுனு முத்தியிருக்கு. சந்தோசப்படுத நேரத்துல மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்கிய?

— அதுதான் இடிக்குது. இந்தப் பாலித்தீன் வெயில் வீட்டுக்குள்ள வச்சிருந்த தொட்டி ஒன்னு விடாம மணி பிடிச்சிருக்கு. இந்தா, செவப்பு நூலு கட்டின தொட்டியிலயும்.

— பிடிக்கட்டுமே. அதுக்கென்ன?

— இது வெயில் தாங்காத நெல்லுக்கா. தாங்காதுன்னு தெரிஞ்சேதான் கூட வச்சேன். இது பதராப் போனாத்தான், மத்தது தாங்கிச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியும்.

— அப்போ தோக்கதுக்குன்னே ஒரு பிள்ளயப் பரீச்சைக்குக் கூட்டிட்டு வந்தியளாக்கும். பாவம்லா.

— பாவந்தான். ஆனா அது பாஸாயிட்டே! பூ விரிஞ்ச நாளு பூராவும் நாப்பத்தோரு டிகிரி. சூடு பாக்குற மிசின நானே தெனம் பாத்தேன். பத்து மணிக்கு லேப்புக்குப் போனா மதியம்தான் திரும்பி வருவேன். அதுவரைக்கும் இங்க நீங்க மட்டுந்தான் இருந்தீங்க.

— ஒரு வாய் தண்ணி குடிக்கியளா மேடம்?

— பேச்ச மாத்தாதீங்க. பாலித்தீனத் தொறந்து விட்டீங்களா?

— அய்யோ, அத நான் தொடவே இல்ல. எம் மவ பிரேமலதா மேல ஆணை. மிசின் உள்ள அப்படியேதான் இருந்திச்சு.

— மிசின் உள்ள இருந்திச்சு. சரி. தொட்டி எங்க இருந்திச்சு?

— தொட்டியா மேடம்?

— முத்துராணிக்கா.

— வேப்பமரத்தடியில, பாத்துக்கிடுங்க.

— யா அல்லாஹ்!

— ஏசாதிய மேடம், சொல்லிருதேன். நீங்க அங்கிட்டுப் போனதும் உள்ள எட்டிப் பாப்பேன். எல ஊசி கணக்கா சுருண்டு கெடக்கும். பூத்த பயிருலா? எங்க பக்கம் பயிரு சூலு கட்டிட்டா அந்த வரப்புல நின்னு சத்தம் போட்டுக்கூடப் பேச மாட்டோம். செருப்பக் கழட்டிட்டுத்தான் எறங்குவோம். நீங்க என்னடான்னா மாசமா இருக்க பிள்ளய அடுப்புக்குள்ள வச்சு அடைச்சிருக்கிய. எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கது? தூக்கி நெழலுல வச்சேன். நீங்க வார நேரத்துக்குப் பைய எடுத்து அததுக்க எடத்துல வச்சிருவேன்.

— அததுக்க எடத்துலயே வச்சிருக்கீங்க, அதான் நான் கண்டுபிடிக்கல. அக்கா, செவப்பு நூலு கட்டினதத் தவிர இதுக எல்லாம் ஒரே தாய் தகப்பனுக்குப் பொறந்ததுக. தாய் நம்ம ஊரு குண்டு நெல்லு. தகப்பன் வடக்க வெயில்ல கெடந்து வளந்த நெல்லு. ஒரே வீட்டுல பொறந்தாலும் ஒரு பிள்ள அம்மா மாதிரி, ஒரு பிள்ள அப்பா மாதிரி இருக்கும்லா? வெயில் தாங்குற மரபணு எந்தப் பிள்ளைக்கு எறங்கியிருக்குன்னு சும்மா பாத்தாத் தெரியாது. பூ விரியுத நேரத்துல சூடு காட்டணும். தாங்காததுக்கு மகரந்தம் செத்துரும். கதிரு வெளிய பச்சப்பசேல்னு நிக்கும், உள்ள ஒன்னும் இருக்காது.

— போன காரு பருவத்துல எங்க அண்ணன் வயலு அப்படித்தான் போச்சு. அறுக்கப் போனா பூரா பதரு. ஆளு ரெண்டு நாளு சாப்பிடல.

— அந்தக் கொடுமை இனிமே வரக்கூடாதுன்னுதான் இந்த அடுப்பே.

— சூட்டுல வையின்னு சொன்னிய. எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லலியே மேடம்.

— சொல்லல. அது என் தப்புதான். உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்னு நெனச்சுட்டேன்.

— இப்போ என்ன ஆவும்?

— இந்த ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்குற பெரியவங்க அம்பாசமுத்திரத்துல வந்து எறங்கியாச்சு. காலையில இங்க வாராங்க. தாங்குற நெல்லு ஒன்னாவது காட்டினாத்தான் வேலைய நீட்டுவாங்க. இல்லன்னா இந்த மாசத்தோட எல்லாத்துக்கும் பூட்டு, எனக்கும் சேத்து. ரெண்டு நெல்லையும் சேக்க எத்தன பூவுக்கா! ஒவ்வொன்னா நுனியக் கத்தரிச்சு, ஊசியால மகரந்தப் பைய எடுத்து, பேப்பர் கூடு மாட்டி… கல்யாணத்தக்கூட ரெண்டு தடவ தள்ளி வச்சேன். ‘பேசாம நெல்லையே நிக்காஹ் பண்ணிக்கோ’ன்னு எனக்குப் பேசி வச்சிருக்க உமர் பாரூக் கேலி பண்ணுதாரு.

— எல்லாந்தான் மணி பிடிச்சிருக்கே. அதையே காட்டிருங்களேன். அவியளுக்கு எங்க தெரியப் போவுது?

— அவங்களுக்குத் தெரியாது. ஆனா நம்பி வெதைக்கப் போறது உங்க அண்ணன்.

— அதுவும் சரிதான். அப்போ நானே வந்து சொல்லுதேன், குத்தம் எம்மேலன்னு.

— வேண்டாம். உங்கள வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. சோதனை கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லிக்கிடுதேன். உங்க பேரு வராது.

— இப்படிப் பேசுதியளே மேடம், ரெண்டு அறை அறஞ்சாக்கூடத் தாங்கிருவேன். எல்லாம் பிரேமலதா நெனப்புதான். வயித்துல ஆறு மாசம் அவளுக்கு. கங்கைகொண்டான்ல ஒரு கம்பெனியில தகரத்துக்கு அடியில நின்னு வேல பாக்கா. லீவு போடுட்டின்னு சொன்னா, ‘வீடு மட்டும் குளுகுளுன்னா இருக்கு’ங்கா. பெத்த மவளத் தூக்கி நெழலுல வைக்க முடியல. இதுகளயாவது தூக்க முடிஞ்சுதேன்னு இருந்துட்டேன்.

— அழாதீங்கக்கா. நீங்க அழுதா எனக்கும் வந்துரும். வாங்க, அறுத்து எல்லாத்தையும் ஒரே சாக்குல போடுவோம். இனிமே இது வெதை இல்ல, வெறும் நெல்லு. உங்க வீட்டுக் கோழிக்குப் போடுங்க.

— எல்லாத்தையுமா?

— எல்லாத்தையுந்தான். எதப் பிரிச்சு வச்சு என்ன பண்ண?

— அந்தா, மூலையில மணி நெறஞ்சு நிக்கே, அத மட்டும் கோழிக்குப் போட மனசு வரல மேடம். அதுக்குத்தான் நான் ரொம்ப வஞ்சன பண்ணிட்டேன்.

— என்ன வஞ்சன?

— ஒரு நாளு ஒரு பொழுது அத நெழலுக்குத் தூக்கல, பாத்துக்கிடுங்க. எத்தன சூட்டுலயும் எல சுருளாம நிமுந்து நின்னுச்சா, இதுக்கு என்னன்னு அங்கனயே விட்டுட்டேன், பாவம்.