நடையை முடிக்காதவர்கள்

உச்சி வெயில் நேரம். ஆள் அரவமில்லாத சாலை... சிரிக்காதீர்கள். பேய் ராத்திரி டியூட்டி மட்டும்தான் பார்க்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். ஒரு தடவைதான் சொல்வேன். நடுவில் எவனாவது கிண்டல் பண்ணினால் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன்.

இது என் நண்பனுடைய அத்தானுக்கு நடந்தது. அவன் அக்காவின் கணவர். மருந்துக் கம்பெனி ஒன்றில் ஆய்வாளர். மூச்சிரைப்புக்குப் புதிதாக ஒரு மாத்திரை செய்திருந்தார்கள். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, சாப்பிடுகிறவர்களை ஒரு நீள வராந்தாவில் நடக்க விடுவார்கள். இந்தக் கோடியில் ஓர் ஆரஞ்சுக் கூம்பு, அந்தக் கோடியில் இன்னொன்று. சுற்றிச் சுற்றி வர வேண்டும். அத்தான் ‘போதும்’ என்று சொன்னால்தான் நிற்கலாம். அதுவரை நடந்த தூரத்தை அளப்பார்கள்.

முக்கால்வாசிப் பேர் நன்றாகத்தான் நடந்தார்கள். சிலர் மட்டும்... நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியில் சுவரோடு சாய்ந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். எழுந்திருக்கவே இல்லை.

மேலதிகாரி அலட்டிக்கொள்ளவில்லை. “நடையை முடிச்சவங்க தூரத்தைத்தானே எழுதறோம்? முடிக்காதவங்களுக்குத் தூரமே கிடையாதே. பாதியில விலகிட்டாங்கன்னு ஒதுக்கிட்டுப் போங்க.”

அத்தான் ஒதுக்கினார். எனக்கு அந்த மனுஷன் மேல் இன்றைக்கும் ஆத்திரம்தான். மிச்சமிருந்தவர்களை வைத்துக் கட்டுரை ஜோராக வெளிவந்தது. மாத்திரையும் கடைக்கு வந்தது.

ஒரு விடுமுறை நாள். அக்கா டாக்டரிடமிருந்து திரும்பினார். அவருக்கும் கொஞ்ச நாளாக இரைப்பு.

“உங்க மாத்திரையையே எழுதிக் குடுத்துட்டாருங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போடணுமாம்” என்றார். முகமெல்லாம் பெருமை.

அத்தான் மனசுக்குள் கணக்குப் போட்டார். போடாதே என்றால் ஏன் என்று கேட்பார், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒருவேளை அவர்கள் மாத்திரையால் சாகவில்லையோ... ஒதுக்கிய கணக்கை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல்லலாம் என்று வண்டியை எடுத்தார். பாருங்கள், அப்போதும் தப்பிக்கத்தான் வழி தேடுகிறார்.

அந்த உச்சி வெயில் சாலை, ஆய்வுக்கூடத்துக்குப் போகிற சாலைதான். காவலாளிகூட இல்லை. பூட்டைத் திறந்து உள்ளே போனார்.

தைல வாசனை. யாரோ இப்போதுதான் நெஞ்சில் தேய்த்துக்கொண்ட மாதிரி... அப்புறம் சத்தம்.

சரக்... சரக்... ரப்பர் செருப்பு. நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி சரக்... சரக்... அவரை உரசிக்கொண்டு போய்க் கூம்பைச் சுற்றியது. கூம்பு லேசாக ஆடியது. வராந்தாவில் ஈ காக்கா இல்லை. பின்னாலேயே இன்னொரு ஜோடிச் செருப்பு. அதற்கும் பின்னால் ஒரு கைத்தடி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுவரில் சாய்ந்தவர்கள் யாருக்கும் அவர் ‘போதும்’ சொல்லவே இல்லை.

சொல்ல வாயைத் திறந்தார். சொல்வதற்குள் செருப்புச் சத்தம் அவர் பக்கம் திரும்பியது. விழுந்தடித்து வெளியே ஓடி, வீட்டுக்குப் போன் போட்டார்.

“மாத்திரை போட்டுட்டியா?”

“எங்கேங்க... போடப் போனேன். நீங்க அனுப்பினதா ஒரு அம்மா வந்து கையிலேருந்து பிடுங்கிட்டாங்க.”

அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“எந்த அம்மா?”

“உங்களுக்குத் தெரியும்னாங்களே. பாவம், என்னமா இரைக்குது தெரியுமா? உட்காருங்கன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னாத்தான் நிப்பாங்களாம். ஹால்ல இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துட்டே இருக்காங்க.”

போனுக்குள் சரக்... சரக்... கேட்டது.

“ஏங்க... வாசல்ல இன்னும் கொஞ்சப் பேர் மூச்சு வாங்கிட்டு நிக்கறாங்க. வெயில்ல நிக்க வெச்சா நல்லா இருக்காது. உள்ள வரச் சொல்லட்டுமா?”