ஆறின தேத்தண்ணி

ஓம், ஓம், றுவைஸ் நாநாதான். மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்ட உடனை உங்கடை கண் போன போக்கைப் பாத்தனான். கையை விடுங்கோ, தேத்தண்ணி சிந்தப்போகுது. வலக்கை போச்சு, கால் போச்சு, வாய் போச்சு, இந்த இடக்கைப் பிடி மட்டும் இன்னும் குறையேல்லை. விடுங்கோ எண்டுறன். இப்பத்தானே சேட்டு மாத்திவிட்டனான். நாநா வந்து பாக்கேக்கை தேத்தண்ணிக் கறையோடையே கிடக்கப்போறியள்?

வருவார், வருவார். இண்டைக்கு றிக்சன்ரை முகத்தைப் பாக்காமல் போகமாட்டன் எண்டு நிக்கிறார் மனுசன். நான்தான் சொன்னனான், நாநா, முதல் நோன்பைத் திறவுங்கோ, பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு, கஞ்சியைக் குடிச்சிட்டு ஆறுதலாப் போய்ப் பாருங்கோ, அதுக்கிடையிலை நான் அவருக்குத் தேத்தண்ணி பருக்கிப்போட்டு வாறன் எண்டு. நல்ல மனுசன், சரி ஜெனிதா எண்டு போய் ஹோலிலை இருக்கிறார். அவற்ரை மனுசி ஸல்ஹாவும் வந்திருக்கிறா, சட்டி நிறைய வட்டிலப்பம். குலசிங்கம் அண்ணை வழமைபோலை எல்லாருக்கும் முதலே வந்து கதிரையைப் பிடிச்சிட்டார். நோன்பும் இல்லை ஒண்டும் இல்லை, ஆனா பேரீச்சம்பழத் தட்டிலை கண் முழுக்க அவருக்குத்தான்.

ஆவெண்டுங்கோ. ஆ. விழுங்குங்கோ. நல்ல பிள்ளை.

உங்களுக்குத் தெரியாது, இப்பவெல்லாம் சனிக்கிழமை எண்டாலே எனக்கு விடியக் காலமையிலை இருந்து ஒரு சந்தோசம். கதிரை துடைக்கிறது, மேசைச்சீலை மாத்திறது, குசினியிலை எண்ணெய் கொதிக்கிற சத்தம், ஆர் முதல் வருகினம் எண்டு கேற்றைப் பாத்துக்கொண்டு நிக்கிறது. ஆக்கள் வீட்டுக்கு வாறதெண்டா இவ்வளவு நல்லாயிருக்கும் எண்டு எனக்கு முந்தி விளங்கேல்லை. எப்பிடி விளங்கும்? இந்த வீட்டிலை கலியாணம் கட்டின நாளிலை இருந்து ஆக்கள் வந்துகொண்டுதான் இருந்தவை. ஆனா உங்கடை ஆக்கள். நீங்கள் ஹாபர் வேலை முடிஞ்சு வரேக்கை பின்னாலை ஒரு பட்டாளம், கையிலை ஒரு பாரை மீன், வாசலிலை நிண்டே ஒரு சத்தம், ஜெனிதா, எட்டுப் பேர். அவ்வளவுதான் கதை. எட்டுப் பேருக்கு நான் மீன் வெட்டி, தேங்காய் துருவி, பொரிச்சு, கரைச்சு, பரிமாறி, கோப்பை கழுவி முடிய, சட்டியிலை வால் துண்டும் சொதித் தண்ணியும் கிடக்கும். மிச்சச் சோத்தைக் கேற்றடியிலை வந்து நிக்கிற தெரு மானுக்குப் போடச் சொல்லுவியள். மானும் திண்டு முடிஞ்ச பிறகு நான். குசினி நிலத்திலை.

இப்ப நான் ஹோலிலை இருந்து சாப்பிடுறன். அவையோடை. சுடச்சுட. உங்கடை கதிரையிலைதான், அந்தப் பிரம்புக் கதிரையிலை. முதல் நாள் இருக்கேக்கை ஏதோ களவு எடுக்கிற மாதிரித்தான் இருந்தது. பிறகு பழகிப்போச்சு. நல்ல சாய்வு, என்ன?

ம்பா. ஓம், ம்பா. எனக்கு விளங்குது. ஏன் என்னை வெளியிலை கொண்டுபோறாய் இல்லை எண்டு கேக்கிறியள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவைப் பாத்துப் பாத்துக் கிடக்கிறது எனக்குத் தெரியாதே? உருட்டுக் கதிரை அலுமாரிக்குப் பின்னாலை மடிச்சுக் கிடக்கு, உங்களைத் தூக்கி இருத்த ஹோலிலை இரண்டு ஆம்பிளையள் இருந்தவை. ஏன் ஒருதரும் இந்த அறைக்குள்ளை எட்டிப் பாக்கேல்லை எண்டும் யோசிச்சிருப்பியள். நத்தாருக்கு முந்தி விழுந்தனீங்கள். ஆஸ்பத்திரியிலை வந்து பாத்தவைதான், வீட்டுக்கு வந்த பிறகு ஒரு குஞ்சும் உள்ளுக்கு வரேல்லை. சொல்லுறன். இண்டைக்குச் சொல்லுவம் எண்டுதான் இருக்கிறன். முதல் குடியுங்கோ.

கொஞ்சம் கசக்குதோ? சாயம் கூடிப்போச்சாக்கும். சீனி நல்லாப் போட்டனான், குடியுங்கோ.

நோன்பு மாதம் வந்தா எனக்கு என்ன ஞாபகம் வரும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. உங்களுக்குத் தெரியாமல் ஆருக்குத் தெரியும். நீங்கள்தானே அதை ஊரெல்லாம் காவித் திரிஞ்சனீங்கள்.

நான் இலங்கைத்துறையிலை இருந்து வந்து ஒரு மாதம் ஆகேல்லை. இருவது வயசு. எங்கடை பக்கம் கோயிலும் கடலும் தவிர நான் என்ன கண்டனான்? நோன்பு எண்டு ஒண்டு இருக்கு எண்டு தெரியும், அது எப்ப வரும், எப்பிடிப் பிடிப்பினம் எண்டு ஆர் சொன்னது? நீங்கள் மத்தியானம் வந்து சொல்லுறியள், பின்னேரம் கூட்டாளிமார் வருவினம், நல்ல தேத்தண்ணியும் வடையும் போட்டு வை, வந்தவையை நல்லாக் கவனிக்க வேணும், குடி குடி எண்டு சொல்ல வேணும், இல்லாட்டி குறை நினைப்பினம் எண்டு. நான் அப்பிடியே நம்பினன். கலியாணத்துக்குத் தந்த பூப்போட்ட கோப்பையை முதல் முதல் வெளியிலை எடுத்தன்.

றுவைஸ் நாநாவும் இன்னும் மூண்டு பேரும், எல்லாரும் நோன்பாளியள். நான் தட்டோடை போய் நிக்கிறன். ஒருதரும் எடுக்கினம் இல்லை. நிலத்தைப் பாக்கினம். ஏதோ பிழை விட்டிட்டன் போலை, வடிவாச் சொல்லேல்லைப் போலை எண்டு நினைச்சுக்கொண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுறன், குடியுங்கோ, ஆறப்போகுது. குடியுங்கோ, ஆறப்போகுது. நீங்கள் பேப்பரை முகத்துக்கு நேரை பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். பேப்பர் குலுங்கிக்கொண்டு இருந்தது. எனக்கு அது ஏன் எண்டு விளங்கேல்லை.

றுவைஸ் நாநாதான் ஒரு கோப்பையை எடுத்தார். குடிக்கேல்லை. சும்மா கையிலை வைச்சுக்கொண்டிருந்தார், என்னை அந்தரப்படுத்தக் கூடாதெண்டு. பாங்கு சொல்லும் மட்டும் வைச்சிருந்து, பிறகு அந்த ஆறின தேத்தண்ணியைக் குடிச்சு நோன்பு திறந்தார். நல்ல தேத்தண்ணி தங்கச்சி எண்டார். அந்த மனுசனை நான் சாகும் மட்டும் மறக்கமாட்டன்.

நீங்களும் மறக்கேல்லைத்தான். அண்டையிலை இருந்து இந்த வீட்டுக்கு ஆர் வந்தாலும், இரண்டாவது போத்தல் உடைக்கேக்கை அந்தக் கதை வரும். தலையிலை துவாயைப் போட்டுக்கொண்டு, கோப்பைத் தட்டைக் கையிலை எடுத்துக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் வைச்சு, என்ரை குரல், என்ரை ஊர்ப் பேச்சு, குடியுங்கோஓ, ஆறப்போகுதூ. வயித்தைப் பிடிச்சுச் சிரிப்பினம். நான் குசினிக் கதவடியிலை பொரியல் கரண்டியோடை. நானும் சிரிப்பன். சிரிக்காட்டி கோவிக்கிறாள் எண்டு அதுக்கும் ஒரு சிரிப்பு வருமே.

அதெல்லாம் பரவாயில்லை. அம்மா செத்து முப்பத்தொராம் நாள் அண்டைக்கு எங்கடை ஊரிலை, எங்கடை வளவிலை, என்ரை சகோதரங்களுக்கு முன்னாலை ஆடிக்காட்டினீங்கள் பாருங்கோ, அதுதான். சாமியார் கும்பிட்டுப்போட்டுப் போய்ப் பத்து நிமிசம் இல்லை. என்ரை தம்பியே சிரிச்சான். அம்மாவின்ரை படத்துக்கு முன்னாலை மெழுகுதிரி எரியுது. நான் அண்டைக்கு உங்களை வெறுத்தனான். வாய்விட்டுச் சொல்லுறன், கேளுங்கோ, வெறுத்தனான். அதுக்குப் பிறகும் எத்தினை வருசம் உங்கடை ஆக்களுக்குப் பாரை மீன் பொரிச்சனான்.

அழாதேங்கோ. சேவ் எடுத்த முகம், பவுடர் போட்டது, வீணாப்போகும். வாயைத் திறவுங்கோ. இன்னும் கொஞ்சம்தான்.

சரி, கேட்டியளே, ஏன் ஒருதரும் உள்ளுக்கு வரேல்லை எண்டு. நான்தான் வரவேண்டாம் எண்டனான். உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்த கிழமை வந்தவை, மூண்டு பேரும், அப்பிள் தோடை எல்லாம் கொண்டு. வாசலிலை வைச்சே சொல்லிப்போட்டன். அவருக்கு இப்ப ஆளைத் தெரியாது. என்னையே தெரியாது. மூளையிலை ஒண்டும் மிஞ்சேல்லை, பழைய முகங்களைக் கண்டா வெருளுறார், நீங்கள் பாத்தா உங்களுக்குத்தான் மனம் உடையும், அந்தப் பழைய றிக்சனையே மனசிலை வைச்சிருங்கோ எண்டன். குலசிங்கம் அண்ணை கேற்றைப் பிடிச்சுக்கொண்டு குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதனான். எனக்கு அழுகை வரும் எண்டு நானே நினைக்கேல்லை.

ஓம், உங்களுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் விளங்கும். டொக்டர் அதைத்தான் சொன்னவர். பேச்சு மட்டும்தான் போனது, அறிவு அப்பிடியே கிடக்கு, ஆக்களோடை கதைக்க விடுங்கோ, ஆக்களைக் காணக் காண ஒரு வேளை பேச்சுத் திரும்பும் எண்டவர். அது உங்களுக்கும் கேட்டது. அண்டைக்கு உங்கடை கண்ணிலை ஒரு நம்பிக்கை தெரிஞ்சது, நான் பாத்தனான்.

அடுத்த கிழமை குலசிங்கம் அண்ணை, ஜெனிதா தனிய இருக்கிறாய், சும்மா வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறம் எண்டார். வாங்கோ எண்டன். அதுதான் தொடக்கம். முதல் முதல் உங்கடை கதைதான், பாவம் பாவம் எண்டு. பிறகு ஒரு நாள் நான் சும்மா சொன்னன், கஞ்சி பருக்கேக்கை அவர் வாயை இப்பிடிக் கோணிக்கொண்டு ம்பா எண்டுறார் எண்டு. செய்து காட்டினன். ஒருதரும் சிரிக்கேல்லை. நாநா தலையைக் குனிஞ்சார். இரண்டு கிழமை கழிச்சு இன்னொருக்காச் செய்தன், கையையும் இப்பிடி மடக்கி. குலசிங்கம் அண்ணைக்குச் சிரிப்பு வந்திட்டுது. அடக்கப் பாத்தார், ஏலாமல் போச்சு. அந்தாள் சிரிச்சா ஆருக்கு அடக்க ஏலும்? இப்ப அவரே கேக்கிறார், ஜெனிதா, அந்த ம்பாவை ஒருக்காக் காட்டு எண்டு. உங்கடை கதிரையிலை இருந்துதான் செய்யிறனான். போன சனிக்கிழமை பெரிய சிரிப்புச் சத்தம் ஒண்டு கேட்டிருக்குமே, நீங்களும் இஞ்சை கிடந்து வாயைக் கோணிச் சிரிச்சுக்கொண்டு கிடந்தியள், என்ன பகிடி எண்டு தெரியாமல். அது அதுதான்.

நாநா சிரிக்கிறேல்லை. அதைச் சொல்லத்தான் வேணும். ஸல்ஹாவும் சிரிக்கிறேல்லை. நாநாவுக்கு என்னவோ மனம் கேக்குதில்லை, இந்த நோன்பிலை பகையும் குறையும் வைச்சிருக்கக் கூடாது ஜெனிதா, அவனுக்கு என்னைத் தெரியாட்டி என்ன, எனக்கு அவனைத் தெரியும், ஒருக்காக் கையைப் பிடிச்சுப்போட்டு வாறன் எண்டு நிண்டுகொண்டார். மாட்டன் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? அந்த மனுசனுக்கு என்னாலை ஏலாது எண்டு சொல்ல ஏலாது. அதுதான் உங்களைக் குளிப்பாட்டி, சேவ் எடுத்து, இந்த நீலச் சேட்டும் போட்டு வைச்சிருக்கிறன். வடிவாத்தான் இருக்கிறியள். கையைப் பிடிக்கட்டும்.

கத்தாதேங்கோ. கத்தினாலும் ஒண்டுமில்லை. பின்னேரத்திலை காரணம் இல்லாமல் கத்துவார் எண்டு முதலே சொல்லி வைச்சிருக்கிறன். அந்தா, ஸல்ஹா உச்சுக் கொட்டுறது கேக்குதே? பாவம் எண்டுறா.

என்ன, கண் சொருகுது? சொருகும்தான். டொக்டர் தந்த நித்திரைக் குளிசை, பாதி போதும் எண்டவர், நான் முழுசாத் தூளாக்கிப் போட்டனான், அதுதான் அந்தக் கசப்பு. பயப்பிடாதேங்கோ, செத்துப்போகமாட்டியள், நாளைக்குக் காலமை நானே முகம் கழுவிவிடுவன். நாநா வந்து கையைப் பிடிக்கேக்கை இந்த இடக்கைப் பிடி மட்டும் இருக்கக் கூடாது. வேறை ஒண்டும் இல்லை.

பாங்கு சொல்லுது, கேளுங்கோ. அங்கை அவை நோன்பு திறக்கினம். வாயை இறுக்காதேங்கோ, கோப்பை அடியிலை இன்னும் இரண்டு கரண்டி கிடக்கு. குடியுங்கோ, ஆறப்போகுது.