கயிறு பிடிக்க ஒரு மச்சான்

திருப்பதி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் இளைஞன். முதுகில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் மூழ்குவதற்கான சிலிண்டரில் சென்னையில் காற்று நிரப்பிக்கொண்டு, நகரிக்கு டிக்கெட் எடுத்திருந்தான். பக்கத்தில் மாங்கன்றுகளோடு ஓர் அம்மாள்.

“கட்டிக்கப் போற பொண்ணு எப்படி இருந்தாலும் சரிம்மா. அதுக்கு ஒரு அண்ணன் இருக்கணும்” என்றான்.

“ஏம்பா?”

“கிணத்துல முங்கி, வுழுந்த மோட்டார் எடுக்கிறேன். மேல கயிறு பிடிச்சவன் பெங்களூர் போய்ட்டான். ஆள் இல்லாம எறங்கக் கூடாது. மூணு கிணறு காத்துக்கினு கீது.”

“அதுக்கு மச்சான்தான் வேணுமா?”

“மச்சான்னா கயித்தை உடமாட்டான். தங்கச்சி தாலியாச்சே!”

அம்மாள் சிரித்தார். “என் பொண்ணுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லப்பா.”

“அப்ப உடும்மா.”

“கிணத்துல குடம் வுழுந்தா அவளே முங்கி எடுத்துக்கினு வருவா. போன வாரம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியையே தூக்கினு வந்தா.”

நகரி வந்தது. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டும் அவன் எழுந்திருக்கவில்லை.

“நீங்க எங்க எறங்கணும், அத்தை?” என்றான்.