பேர் இல்லாததுகளும் வரட்டும்

லாம்பைக் கொஞ்சம் குறைங்க, கண்ணு கூசுது. ஜவாஹிர், நீ கதவுப் பக்கம் உக்காரு. பெரிய வீரன்தானே நீ.

இது எங்கேயோ கேட்ட கதை இல்ல. என்னோட படிப்பிக்கிற நேசம்மா டீச்சரோட தம்பிக்கு நடந்தது. உருத்திரமூர்த்தின்னு பேரு. கொம்பியூட்டர் ஆள். பேய்னு சொன்னா வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சிரிப்பான். இப்ப சிரிக்கிறதில்ல.

ரெண்டாயிரத்தி ஏழு. மழைக்காலம். பின்னேரம் அஞ்சரை இருக்கும். மாத்தளைப் பக்கம் நாவுலயில இருந்து உள்ளுக்குப் போற ரோடு... ஒரு பக்கம் வயல், மத்தப் பக்கம் காடு. கடைசி பஸ் போயிட்டா அங்க நாய்கூட நடக்காது. அந்த ரோட்டு முடிவுல ஒரு பழைய ஸ்டோர். முந்தி மிளகு மூட்டை அடுக்கின இடம். ஜன்னலுக்கெல்லாம் தடிச்ச கம்பி. அதுக்குள்ளதான் அந்த ஊர் மரண உதவிச் சங்கம் மேசை போட்டு நடத்துற கந்தோர். யாராவது மௌத்தானா பெட்டி, பந்தல், உக்காரக் கதிரை எல்லாம் குடுப்பாங்களே, அந்தச் சங்கம்.

செத்தவங்க விபரம் எல்லாம் கொம்பியூட்டர்ல ஏத்தி வச்சிருந்தாங்க. தேடுறதுக்கு ஸ்கிரீன்ல ஒரு ஃபோம், படிவம் மாதிரி. பேரை அடிச்சா அந்த ஆள் வரணும். ஒன்னும் அடிக்காம விட்டா எல்லாரும் வரணும். ஆனா எல்லாரும் வரல. எப்பவும் சில பேர் குறையுது. அதைப் பாக்கத்தான் மூர்த்தியைக் கூப்பிட்டிருந்தாங்க.

நோண்டிப் பாத்தான். குறைஞ்சது எல்லாமே பேர் தெரியாத மையத்துகள். காட்டோரம், ஆத்தோரம் கிடந்து, கேக்க ஆளில்லாம சங்கமே அடக்கம் பண்ணினது. அதுகளுக்குப் பேர் எழுதுற கட்டம் வெறும். வெறுங்கட்டத்தை அந்தத் தேடல் கணக்குலேயே எடுக்கல. முதல் செஞ்சவன் அப்படி எழுதிட்டுப் போயிருக்கான். மூர்த்தி அதுல ஒரு வரியைச் சேத்தான். "பேர் இல்லாததுகளும் வரட்டும்"னு வாய்விட்டே சொன்னானாம், விசரன்.

பொத்தானை அமத்தினான்... வந்துச்சு. வரிவரியா. வெறும்... வெறும்... வெறும்.

அந்த நேரம்தான் போன். நேசம்மா. "டேய் தம்பி, சுசீலாவுக்கு வலி வந்துட்டு. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டோம். தலைப்பிள்ளைடா, உடனே வா!" சுசீலாதேவி அவன் பொஞ்சாதி. கல்யாணம் முடிச்சு ஏழு வருஷத்துக்குப் பிறகு தங்கின பிள்ளை. சண்டைக் காலம், இருட்டினா செக்பொயிண்டுல அடையாள அட்டையில தமிழ்ப் பேர் உள்ளவனை லேசுல விட மாட்டாங்க. அவன் ஃபோமை மூடிட்டு, பேக்கை எடுத்துக்கிட்டுக் கதவுக்கு ஓடினான்.

கதவு திறக்கல.

வோச்சர் கணபதி, ஐயா போயிட்டாருன்னு நினைச்சு வெளிய ஆமைப்பூட்டுப் போட்டுட்டுப் போயிருக்காரு. தட்டினான், கத்தினான். மழைச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? போனைப் பாத்தா சிக்னல் ஒரு கோடுகூட இல்ல.

கரண்டும் போச்சு. கொம்பியூட்டருக்கு வச்ச பெட்டரி மட்டும் பீப்... பீப்...

திரும்பிப் பாக்குறான். ஸ்கிரீன்ல சின்னதா ஒரு பெட்டி. பேர் என்னன்னு கேக்குது.

அவன் பயப்படல. ஃபோம் மூடியிருந்தா தேடலுக்கு வேண்டிய பேர் கிடைக்காது, அப்ப கொம்பியூட்டர் இப்படித்தான் நேரா கேக்கும். வழமையான விஷயம். வேணாம்னு அமத்தினான். போச்சு. திரும்ப வந்துச்சு. அமத்தினான். வந்துச்சு. பெட்டரி வயரைப் பிடுங்கினான். பீப் நின்னுச்சு... பெட்டி நிக்கல. பச்சைத் தண்ணி நிறத்துல வெளிச்சம். பேர்?

அப்பதான் அந்த மணம். மிளகு மணம் இல்ல... நனைஞ்ச சாக்கும் துருப்பிடிச்ச இரும்பும் சேந்த மணம். பின்னால சிமெந்துத் தரையில கதிரை ஒன்னு இழுபட்டுச்சு. கிர்ர்ர்... அவன் முதுகுக்கிட்ட வந்து நின்னுச்சு. ஆளில்ல. ஆனா பொறுமையில்லாத ஒருத்தன் மேசையில விரலால தட்டுவானே... டொக், டொக், டொக்.

எண்பத்தொம்பது கலவரத்துல ஆமிக்காரங்க அந்த ஸ்டோருக்குள்ள பொடியன்மாரைக் கொண்டு வந்து அடைச்சு வச்சிருந்தாங்களாம். பேர் கேக்க. இன்னொருத்தன் பேரைக் காட்டிக் குடுத்தாத்தான் வெளிய விடுவாங்களாம். மூர்த்திக்கு அது தெரியாது. ஊராக்கள் பிறகுதான் சொன்னாங்க.

தெரியாட்டியும் அவனுக்கு விளங்கிட்டு. ஒரு பேர் குடுக்காம இந்தக் கதவு திறக்காது. கையை வச்சான். யாருடைய பேரை அடிப்பான்? தன் பேரை அடிக்கப் போனான், முதல் எழுத்தோட நிப்பாட்டினான். அழிச்சான். அங்க பொஞ்சாதி கத்திக்கிட்டு இருக்கா, இங்க இவன்... அழுதுட்டானாம், பாவம். சின்னப் பிள்ளை மாதிரி.

டொக், டொக்.

ஒன்னும் அடிக்காம விட்டா? யாருக்கும் பாவம் இல்லத்தானே. அப்படித்தான் நினைச்சான். வெறுமையா விட்டு என்டரைத் தட்டினான்.

எல்லாரும் வரணும், இல்லையா? வரல. ஒரே ஒரு வரி வந்துச்சு. பேர் கட்டம் வெறும். ஊர், மாத்தளை. பக்கத்துல, பெண்.

ஸ்கிரீன் அணைஞ்சுச்சு. வெளிய ஆமைப்பூட்டு களக்குன்னு தானா விழுந்துச்சு.

மழையில அவன் பைக் ஓடின ஓட்டத்தை நேசம்மா சொல்லும்போதே எனக்குக் கை குளிரும். செக்பொயிண்டுல யாரும் மறிக்கலயாம். திரும்பிக்கூடப் பாக்கலயாம். ஆஸ்பத்திரியில போய் இறங்குறான்... பிள்ளை பொறந்திருக்கு. பொம்பளைப் பிள்ளை. கையில கட்டின துண்டுல தாயோட பேர் மட்டும். அவங்கள்ல முப்பத்தொண்டாம் நாள் கழிச்சுத்தானே பேர் வைப்பாங்க.

விளங்குதா? அந்த நேரம் அவன் குடும்பத்துல பேர் இல்லாம இருந்தது அது ஒன்னுதான்.

மூர்த்தி ஈரச் சட்டையோட போய் பிள்ளையைத் தூக்கி, எப்பவோ செத்துப்போன தன்னோட அம்மாட பேரை, "தங்கேஸ்வரி! தங்கேஸ்வரி!"ன்னு காதுல கத்தினான். மாமியார் ஏசினா, நேர்ஸும் ஏசினா. அவன் நிறுத்தல.

பிள்ளைக்கு இப்ப ரெண்டு வயசாகுது. நல்ல சுகம். நானும் தூக்கியிருக்கேன். வடிவான பிள்ளை. ஆனா தங்கேஸ்வரின்னு கூப்பிட்டா இன்னும் திரும்பாது. காது கேக்குதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு.

மூர்த்தி ராவுல தூங்குறதில்ல. பிள்ளையோட கணுக்காலைப் பிடிச்சிக்கிட்டே கிடப்பான். ஏன்னு நேசம்மா கேட்டா. இப்படிச் சொன்னானாம்...

"நாங்க யாரும் கூப்பிடலக்கா. வீடே அமைதி. பிள்ளை எழும்பி உக்காந்து, கதவைப் பாத்து... 'இந்தா வாறேன்'னு சொல்லுது."