கைத்தாநிவாவோடு இன்னும் இணையாத கம்பி: ரைலி அம்மையாருக்கு மின்நிலையத்தார் வாசித்தளித்த மடல்

மின்சாரம் போனால் ஊரே முதலில் தேடும் முகமே! முப்பத்தாறு ஆண்டுகள் முன்னின்று உழைத்த மூளையே! பனி பெய்த நாளிலும் பணி மறவாத பண்பே! ஹிர்விலாம்பி நகராட்சி மின்நிலையத்தின் மேலாளராய் விளங்கி, இன்று ஓய்வு பெறும் பெருமதிப்பிற்குரிய ரைலி ஹுய்ட்டினென் அம்மையீர், வணக்கம்!

புகழ்ந்தால் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள் என்று தெரிந்துதான் நாற்காலியைச் சன்னல் இல்லாத மூலையில் போட்டிருக்கிறோம். காப்பி ஆறினாலும் பரவாயில்லை, இன்று ஒரு நாள் கேட்டே ஆகவேண்டும்.

நாலாயிரம் மின்மீட்டர்கூட இல்லாத நம் ஊர் ஒன்று. அதனினும் சிறிய அண்டை ஊர்கள் நான்கு. ஊருக்கொரு மின்நிலையம், நிலையத்துக்கொரு வீம்பு. ஸ்மார்ட் மீட்டரும், பழுதைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் தனித்து எவருக்கும் எட்டாதவை. ஐவரும் சேர்ந்தால் எட்டும் என்று கண்டவர் நீங்கள். மூன்று குளிர்காலம் ஊர் ஊராய் அலைந்தீர்கள். ‘ம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழிக்காத மேலாளர்கள் எதிரே மணிக்கணக்கில் அமர்ந்தீர்கள். முதலில் கையெழுத்திட்டவர் கைத்தாநிவா ஊர் மேலாளர் ஈனோ பொல்லானென். உங்களோடு ஒரே ஆண்டில் மின்கம்பம் ஏறப் பழகிய உற்ற தோழர்.

அதன்பின் வந்தது அந்தச் சனிக்கிழமை. கடுங்குளிரில் தேவை எல்லை மீறினால், ஐந்து ஊரிலும் அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளை ஒரு மணி நேரம் நிறுத்திவைப்பது பொதுத் திட்டம். சனி மாலை ஆறு மணிக்கு அப்படி இழுப்பது, வீட்டு நீராவிக் குளியலுக்குக் கல்லைச் சூடேற்றும் சவுனா அடுப்பு. அதைத் தொடக்கூடாது என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த ஒன்றைப் போய் வாய்விட்டுச் சொல்வானேன் என்று ஐந்து ஊராரும் பேசாதிருந்தோம். சொல்லாததால் அது எந்தத் தாளிலும் ஏறவில்லை. தாளில் இல்லாததைக் கட்டுப்பாட்டுக் கருவி அறியவில்லை. ஐந்து ஊர் அடுப்புகளும் ஒருசேர அணைந்தன.

துண்டைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த கூட்டத்தை எண்ணி நான்கு ஊரார் இன்றும் சிரிக்கிறார்கள். ஈனோ வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. இனிப் பிழைக்கமாட்டார் என்று தெரிந்த தந்தையை, அவர் ஆசைப்பட்டார் என்பதற்காக, கடைசியாக ஒருமுறை சவுனாவில் உட்காரவைக்க மருத்துவமனையிலிருந்து இரண்டு நாள் அழைத்து வந்திருந்தார்கள். ஆறிய கல்லில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகாமல் வழிந்தது. அடுத்த வியாழன் பெரியவர் போய்விட்டார். அதற்கு மறுவாரம் கைத்தாநிவா கூட்டுத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

அம்மையீர், அந்தக் கருவிக்கு நிரல் எழுதியவர்கள் நாங்கள். ஐந்து ஊர் கூடிய கூட்டத்தில் எங்களை முந்திக்கொண்டு எழுந்தவர் நீங்கள். “தெரிஞ்சதுதானேன்னு யாரும் வாயைத் திறக்கல. நானும் திறக்கல. முதல் தப்பு என்னோடது” என்றீர்கள். அன்று தலைகுனிந்த நாங்கள் அதற்கு நன்றி சொல்ல ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான்கு ஊர்கள் இன்று ஒரே வலையாய் ஒளிர்வது உங்கள் உழைப்பே. ஆயினும் கைத்தாநிவா எல்லையில், இரு ஊர்க் கம்பிகளையும் இணைக்க நிறுத்திய பெட்டி, அவ்வூர் விலகியதால் இன்னும் இணையாமல் நிற்கிறது. கழற்றிவிடலாம் என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் காது கேளாதவர் போல் இருந்தீர்கள். இலையுதிர் காலந்தோறும் நீங்களே போய்த் துடைத்து எண்ணெயிட்டு வந்தீர்கள். புயலில் அவ்வூர்க் கம்பங்கள் சாய்ந்தபோது, அவர்கள் கேட்குமுன் நம் லைன்மேன்களை அனுப்பினீர்கள். திரும்பி வந்தவர்களிடம் வேலை முடிந்ததா என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. ஈனோ என்ன சொன்னார் என்றீர்கள். ஒன்றும் சொல்லவில்லை, காப்பி கொடுத்தார் என்றார்கள்.

“காப்பி மட்டுமா?”

“ஏலக்காய் ரொட்டியும் குடுத்தாரு.”

“அப்ப சரி” என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நெடுநேரம் வெளியே வரவில்லை. நீங்கள் ஏங்கியது ஐந்தாவது ஊருக்காக அல்ல, தோழருக்காக என்று அன்றுதான் எங்கள் மண்டையில் ஏறியது.

இம்மடலை வாழ்த்தோடு முடித்து, கண்ணாடிச் சட்டம் போடவும் கொடுத்தாயிற்று. நேற்றுக் காலை அதைத் திரும்ப வாங்கி வந்து இந்தப் பத்தியைச் சேர்த்தோம். ஈனோ தொலைபேசியில் கூப்பிட்டார். நாளைக்குத்தானே கடைசி நாள் என்று கேட்டார். ஆமாம் என்றோம். பிறகு அவர் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசிக்கிறோம்:

“ரைலியை சனிக்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்க. சவுனா சூடா இருக்கும். அவங்களும் என் வீட்டுக்காரியும் முதல்ல போகட்டும், நான் அப்புறம் குளிச்சுக்கறேன். ஒப்பந்தம், கையெழுத்துன்னு பேப்பர் எதையும் தூக்கிட்டு வரவேண்டாம்.”

அம்மையீர்! உடல் நலமும் உள்ள நிறைவும் ஓங்க, நெடுங்காலம் நீங்கள் நிம்மதியாய் வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம். பெட்டிக்கு எண்ணெயிடுவதை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் வெறுங்கையோடு போய் வாருங்கள்.

இங்ஙனம்,
உங்களை நாளை முதல் தேடப்போகும்
ஹிர்விலாம்பி மின்நிலையப் பணியாளர்கள் பதினொருவர்