ஓரம் இருட்டா கீது

— இல்ல நந்தினி, கிராபிக்ஸ் கார்டு மாத்தியே ஆவணும். கேம் முன்ன மாதிரி இல்ல.

— முத்துண்ணா, பொன்னேரியில எங்க கம்ப்யூட்டர் கடைக்கு வர்றவங்களும் இத்தான் சொல்றாங்க. கரெக்டா சொல்லு. படம் திக்குதா?

— திக்கல.

— பாதியில நின்னுபோவுதா? கோடு கோடா வருதா?

— அதெல்லாம் இல்லமே. ஓரம் இருட்டா கீது. எவனோ வந்து சுட்டுட்டுப் போறான், எனக்கு ஆளே தெரியல. ராத்திரி சீன் வந்தா சுத்தமா அவுட்டு. டீம் பசங்க என்ன சேத்துக்கறதே இல்ல.

— சரி, வெளாடு. நான் பக்கத்துல குந்திப் பாக்கறேன். தோ, மூலையில நம்பரு பாரு. செகண்டுக்கு எண்பது பிரேம், கொறையவே இல்ல. சூடும் அளவாதான் கீது. உன் மானிட்டரு எழுபத்தஞ்சுக்கு மேல காட்டாது. புது கார்டு போட்டா வேஸ்டுண்ணா.

— அப்போ இது இன்னாது? தோ பாரு, திரும்பவும் சுட்டுட்டான்.

— அவன் ரொம்ப நேரமா செவுத்துகிட்ட நின்னுட்டிருந்தான்.

— எங்க?

— மஞ்ச சட்ட போட்டுனு, ஓரமா. நீ பாத்துட்டுதான் சும்மா கீறன்னு நெனச்சேன்.

— நான் பாக்கல.

— மவுஸ வுடு. என் பக்கம் திரும்பு. என் மூக்கையே பாரு, கண்ண அசைக்காத. எத்தினி விரலு?

— கைய எங்க வெச்சிருக்க?

— தோளுக்குப் பக்கத்துல.

— தெரியலியே. கொஞ்சம் உள்ள கொண்டா. இன்னும். ஆங், இப்ப தெரியுது. மூணு.

— அண்ணா, கை என் காதுகிட்ட வந்துடுச்சி. எத்தினி நாளா இப்டி?

— தெரியல. பொழுது சாஞ்சா தடுமாறும். தூக்கம் பத்தலன்னு நெனச்சேன். நைனாகிட்ட சொன்னா என்ன மீன்புடி போட்ட ஓட்ட வுடமாட்டாரு.

— நானும் வுடமாட்டேன். நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம், லீவு சொல்லிட்றேன்.

— போன மாசம் முகத்துவாரத்துல என் போட்டு மோதி சீனிவாசன் செத்தான்ல.

— அத ஏன் இப்ப இழுக்கற? விடியறதுக்கு முன்ன அவுரு தன் போட்டுல வெளக்கு இல்லாம வந்தாரு. ஊரு கூடிப் பேசி முடிச்சாச்சு.

— வெளக்கு இல்லன்னு சொன்னது யாரு?

— நீதான்.

— வேற யாராச்சும் பாத்தாங்களா?

— உன் போட்டு ஆளுங்க எல்லாரும் வல மேல படுத்துத் தூங்கிட்டிருந்தாங்கன்னு சொன்ன.

— அவன் பொண்டாட்டி செவ்வந்தி கூட்டத்துல நின்னு அழுதா. நானே பேட்டரி மாத்தி வெளக்கு எரிய வெச்சிதான் அனுப்பினேன்னு அழுதா. அவ பொய் சொல்றான்னு நான்தான் சொன்னேன் நந்தினி.