காய வைத்த இடம்

பித்தளையைத் துலக்கப் புளியை மிஞ்சியது எதுவும் இல்லை. கடையில் விற்கிற திரவத்தையும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் கண்ணாடியாக மின்னும், அடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறடி என்று கறுத்துப்போகும். புளி மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் செய்த வேலை நிற்கும். தலை நரைக்கும் வரை கோயில் பித்தளையைத் துலக்கியவன் சொல்கிறேன், நம்பலாம்.

இதை ஏன் ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறான் என்று பார்க்கிறீர்கள். நீங்கள் பரமானந்தத்தை உள்ளே வைத்திருப்பதால் சொல்கிறேன், ஐயா. தோட்டாவில் அளவுக்கு மீறி மருந்து கெட்டித்தான், அதனால்தான் துப்பாக்கி பின்பக்கமாகச் சீறி அவன் பெண்டாட்டி முகத்தில் அடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு எதிலும் அளவு மீறத் தெரியாது. கோளாறு மருந்தில் இல்லை, தோட்டாவின் பித்தளையில் இருந்தது. அந்தப் பித்தளையைச் சுத்தம் செய்து கொடுத்தவன் நான். அடிபட்டவள் என் தங்கை. நான் சொல்லி முடித்ததும் நீங்கள் அவனை விட்டுவிடலாம். இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கலாம். அவர் மன்னிப்பார், ஆனால் பரமானந்தத்தை வெளியே விட அவரால் முடியாது.

என் பெயர் இராயப்பன். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, கோயில்பிள்ளை என்றால் தெரியும். மணி அடிப்பது, பீடத்தை ஒழுங்கு பண்ணுவது, மெழுகுதிரித் தண்டுகளையும் தூபக்கலசத்தையும் துலக்கி வைப்பது என் சோலி. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு தங்கை கித்தேரியம்மாள்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவள் வைக்கிற பூண்டு ரசத்துக்காகவே பூசை முடிந்ததும் வேகமாக வீட்டுக்கு நடப்பேன். அவளுக்கு வரன்கள் வந்தன. நானும் வந்தவனுக்கெல்லாம் சரி என்று சொல்லிவிடவில்லை. ஒருவன் சிரிக்கிற விதம் சரியில்லை, ஒருவன் சட்டைப்பை கிழிந்திருந்தது. வயது ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பேத்துப்பாறை பரமானந்தத்தை அவளே பார்த்து அவளே சரி என்றாள். "எலி வளையானாலும் தனி வளை வேணும்லண்ணே" என்றாள். அன்றிலிருந்து நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். சுற்றுலா வருகிறவர்கள் அங்கே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள், அவர்களுக்கு அதன் அருமை தெரியாது.

பரமானந்தத்துக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுவான், விளைந்தால் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றுவான். விளையும் நேரத்தில் காட்டுப்பன்றி வந்து ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகும். அதற்காக அவன் அப்பா காலத்திலிருந்தே லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. பன்றியைச் சுடுவதில்லை, வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் ஓடிவிடும். வெடித்த பித்தளைத் தோட்டாவை எறியமாட்டார்கள். கரியை எடுத்துத் துப்புரவாக்கி மறுபடியும் மருந்து கெட்டித்துக்கொள்வார்கள். சட்டப்படி அது சரியா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அந்தத் துப்பாக்கியை நானும் ஒரு முறை சுட்டிருக்கிறேன். வாலிப வயசில், அவன் அப்பா ஆசைக்குக் கையில் கொடுத்தார். அது கழுதையைப் போல உதைத்தது. வலது தோள்பட்டை நீலம் பாய்ந்து, கன்னத்து எலும்பும் வீங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமை தூபக்கலசத்தை இடது கையால் ஆட்டினேன். பெரியவர்கள் சிரித்தார்கள், சாமியார் திட்டினார். பிறகு நான் அதைத் தொட்டதில்லை.

கோயில் சாமானைத் துலக்குகிறவன் என்பதால் தோட்டாக்களும் என்னிடமே வந்து சேர்ந்தன. நானும் பல விதமாகச் செய்து பார்த்தேன். சாம்பல் போட்டால் கீறல் விழும். துணிப்பையில் உமியோடு போட்டுக் குலுக்கினால் வெளியே பளபளக்கும், உள்ளே கரி அப்படியே கிடக்கும். எலுமிச்சை நல்லதுதான், ஆனால் விற்கிற விலைக்கு அதை ரசத்தில் பிழியலாம். கடைசியில் புளித்தண்ணீரும் உப்பும்தான் நிலைத்தது. ஆனால் துலக்குவது பாதி வேலை. காய வைப்பது மீதிப் பாதி. உள்ளே ஈரம் நின்றால் மருந்து நமத்துவிடும். வெயில் காலத்தில் கோயில் படியில் பரப்பினால் போதும். மழைக்காலத்தில்தான் எங்கே காய வைப்பது என்கிற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குத்தான் நான் இப்போது பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஈஸ்டருக்கு முன்னால் கித்தேரி பீடம் சோடிக்க உதவிக்கு வந்திருந்தாள். தோரணம் கட்டக் கையைத் தூக்கியபோது ஸ்வெட்டர் கழுத்து விலகியது. தோள்பட்டை கன்றிப்போய் நீலமாக இருந்தது.

"என்ன கித்தேரி இது?"

"கதவு நெலையில இடிச்சுக்கிட்டேண்ணே."

"எந்தக் கதவு தோள்ல வந்து இடிக்குது?"

"அவசரமா போனேன். விடுண்ணே, சோலியப் பாரு."

எல்லாப் பெண்களும் சொல்கிற அதே கதவுதான். அந்தக் கதவு இல்லாத வீடு இந்த மலையில் குறைவு. ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது மறுபடியும் இருந்தது, இந்த முறை கன்னத்திலும். சப்பரம் இறங்கிய பிறகு பரமானந்தத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான்.

"அது ஒண்ணுமில்ல மச்சான். நீங்க இத யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றான்.

எனக்கு அது போதும் என்று இருந்தது. தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். நான் இரண்டு பேரையும் விசாரித்துவிட்டேனே.

இனி குதிரைக் கொட்டடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் பின்னால் மணியன் தன் குதிரைகளைக் கட்டுகிறான். பகலில் ஏரியைச் சுற்றிச் சவாரி போகும் குதிரைகள். போன வருஷம் கோயில் கூரையைப் பிரித்தபோது பழைய பித்தளைத் திரித்தண்டுகளை ஒரு மழைக்காலம் முழுக்க அவன் கொட்டடியில் வைத்திருந்தோம். திரும்ப எடுத்துத் துடைத்தபோது ஒன்று என் கையிலேயே முறுக்கைப் போல ஒடிந்தது. யாரும் அதைக் கீழே போடவில்லை, எதுவும் அதன்மேல் விழவில்லை. சாமியார் போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "குதிரை மூத்திர வாடை மழை ஈரத்தோட சேர்ந்தா பித்தளைய உள்ளுக்குள்ளயே விரிசல் விட வச்சிருமாம், இராயப்பா. வெள்ளக்காரன் காலத்துல பட்டாளத்துத் தோட்டாவே இப்படிக் கெட்டுப்போயிருக்காம்." அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஐப்பசியில் கித்தேரி ஒரு பை நிறையத் தோட்டா கொண்டுவந்தாள். "வெரசா வேணும்ண்ணே. கெழங்கு முத்திருச்சு, பன்னி தெனம் வருது" என்றாள். பையைக் கொடுக்க நீட்டியவள் வலது கையை முழுக்க நீட்டவில்லை, இடது கைக்கு மாற்றிக் கொடுத்தாள். அவள் போன பிறகு புளி கரைத்துத் துலக்கி, நல்ல தண்ணீரில் அலசினேன். வெளியே மழை விடவில்லை. எங்கே காய வைக்கலாம் என்று நிதானமாக யோசித்தேன். மெஸ்காரர் அடுப்படியில் இடம் கேட்டால் கொடுப்பார். கோயில் உள்ளறையில் மின்விளக்குக்கு அடியிலும் வைக்கலாம். இரண்டும் எனக்குத் தோன்றத்தான் செய்தன. பையை எடுத்துக்கொண்டு மணியன் கொட்டடிக்குப் போனேன். குதிரைகள் நிற்கிற இடம் கதகதப்பாக இருக்கும், அதில் பொய் இல்லை.

"போன தடவ மாதிரி சாமி சாமான் கெட்டுப்போகப் போகுது, கோயில்பிள்ளை" என்றான் மணியன்.

"இது சாமி சாமான் இல்ல மணியா" என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான், ஐயா. காய வைக்க ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். யாரையும் அடிக்கவில்லை, யாருடைய சோற்றிலும் எதையும் கலக்கவில்லை. கித்தேரி போன் பண்ணிக் கேட்டபோதெல்லாம் இன்னும் காயவில்லை என்றேன். பிறகு எடுத்துவந்து மறுபடியும் புளி போட்டுத் துலக்கினேன். ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது விளிம்பில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அது கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை தேய்த்தேன். கை வலித்தது. அந்த வாரமே மெஸ்காரரிடம் அடுத்த மாதத்திலிருந்து எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பூட்டிக் கிடந்த கித்தேரியின் அறையைத் திறந்து வெள்ளையடித்தேன். புருஷனை இழந்துவிட்டு வருகிறவள் ஒட்டடையிலா வந்து படுப்பாள்.

தோட்டாக்களை வாங்கிப்போகப் பரமானந்தமே வந்தான். ஒன்றை எடுத்துக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தான், பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தான், கடைசியில் விரலால் தடவிப் பார்த்தான். "கோயில் சாமான் தோத்துச்சு மச்சான்" என்றான். அவன் கண்ணைப் பற்றி அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலைப் பூசைக்கு மணி அடித்துவிட்டு வந்தபோது போன் அடித்தது. எதற்கென்று தெரியும். கித்தேரி அழுவாள், என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் எடுத்தேன். அழுதது ஆண் குரல்.

"மச்சான், கித்தேரி மூஞ்சியெல்லாம் ரத்தம். வெரசா வாங்க மச்சான்."

ஆம்புலன்ஸ் மலை இறங்குகிற வரை அவன் சொல்லிக்கொண்டே வந்தான், நான் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாக அவனுக்குக் கண்ணில் புரை. வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும், துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வார்கள், அப்புறம் தோட்டம் பன்றிக்குத்தான். அதனால் யாருக்கும் சொல்லாமல் கித்தேரியே காவல் இருந்திருக்கிறாள். அவளேதான் வெடி போட்டிருக்கிறாள். அவள் தோளில் இருந்தது துப்பாக்கி உதைத்த கன்றல். அவன் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. "நான் போட வேண்டிய வெடி, மச்சான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அது எனக்கும் தெரியும்.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணும் போய்விட்டது என்றார்கள். பரமானந்தம் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவான். அவனுக்கு ஸ்பூன் சரியாகத் தெரியாது, அவளுக்கு ஸ்பூனே தெரியாது. மோவாயில் வழிவதைத் துடைத்துத் துடைத்து எப்படியோ ஊட்டிவிடுவான். அங்கிருந்துதான் உங்கள் ஆட்கள் அவனை அழைத்துவந்தார்கள். நான் அவன் இடத்தில் உட்கார்ந்தேன்.

"வீட்டுக்கு வந்துரு கித்தேரி. ஒன் ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்" என்றேன்.

கட்டுப் போட்ட முகத்தை அவள் என் பக்கம் திருப்பினாள்.

"எப்ப அடிச்ச?"

நான் கஞ்சியை எடுத்து ஆற்றினேன். அடுத்ததையும் அவளே கேட்டாள்.

"தோட்டாவ எதுலண்ணே வெளக்குன?"

"புளியிலதான். எப்பவும் போல."

"அவரு மருந்து கெட்டிக்கிறப்ப பையில குதிர வாடை அடிச்சுச்சு. மழையில காயாம வந்த வாடைன்னு நெனச்சுக்கிட்டேன். அண்ணன் குடுத்ததுல என்ன இருக்கப்போகுதுன்னு நெனச்சேன்."

நான் கொடுத்த கஞ்சியை அவள் குடிக்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. நர்ஸ் கொடுத்தாலும் வாயைத் திறக்கவில்லை. அவர் வரட்டும் என்கிற ஒன்றைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை இல்லை. இப்படியே போனால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அலுத்துவிட்டது, ஐயா. அதனால்தான் பஸ் ஏறினேன்.

எழுதுகிறவர் கொஞ்சம் நிதானமாக எழுதட்டும். பரமானந்தம் சாக வேண்டும் என்றுதான் நான் அந்தப் பையைக் கொட்டடியில் கட்டினேன். என் தங்கை அடிபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஈஸ்டரில் பார்த்ததும் வலது தோள், ஆவணியில் பார்த்ததும் வலது தோள். கன்னமும் வலது கன்னம். ஒரு முறைகூட இடது பக்கம் இருந்ததில்லை. அந்தக் கன்றல் எப்படி வரும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். பார்த்த அன்றே மனசுக்குள் வந்தது, வந்ததை நான் உள்ளே விடவில்லை. அது துப்பாக்கிதான் என்று ஒத்துக்கொண்டால் பரமானந்தம் நல்லவனாகிவிடுவான். அவன் நல்லவன் என்றால் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வர எனக்கு என்ன நியாயம் இருக்கிறது.

சரி, அவனை விட்டுவிடுங்கள். கடைசி மதுரை பஸ்ஸைப் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடுவான், அவளுக்குக் கஞ்சி ஊட்டட்டும். அவன் கையால்தான் சாப்பிடுவாளாம். அவள் கையால் நான் எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், அதையாவது அவள் ஒரு தடவை நினைத்துப் பார்த்திருக்கலாம்.